விட நினைத்தும் விடாத பாவப் பழக்கங்கள்: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்த சில மாதங்களில் புதிய விசுவாசிகள் பலருக்கும் ஒரு கேள்வி வருகிறது. சிலர் போதகரிடம் கேட்கிறார்கள், பலர் யாரிடமும் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். "இரட்சிக்கப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் ஏன் என்னை விடவில்லை? நான் உண்மையாகவே மனந்திரும்பினேனா?"

திடீரென்று ஒருநாள் செய்துவிட்ட தவறைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிற ஒன்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சட்டென்று வாயில் வந்துவிடும் பொய், வீட்டாரிடம் மட்டும் வெடிக்கும் கோபம், இரவில் தனியாக இருக்கும்போது பார்க்கிற ஆபாசப் படம், குடி, புறங்கூறுதல், அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து உள்ளே எரிகிற பொறாமை. ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், இனிமேல் இல்லை என்று பொருத்தனையும் செய்தார்கள். அடுத்த வாரமே அதே இடத்தில் விழுந்தார்கள்.

அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். சோதனை உச்சத்தில் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்திலேயே நம் பலத்தையெல்லாம் செலவழிக்கிறோம். அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தையும், விழுந்தபின் வருகிற ஒரு மணி நேரத்தையும் கவனிப்பதே இல்லை. பழக்கம் வேர்விடுவது அந்த இரண்டு இடங்களிலும்தான். கீழே சொல்கிற படிகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை.

முதலில், எங்கே நின்று போராடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக "என்ன செய்ய வேண்டும்" என்று போகாதீர்கள். பாவத்தை ஜெயித்தால் தேவன் என்னை ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துப் போராடுகிறவர், ஒவ்வொரு தடவை விழும்போதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலையையே இழந்துவிட்டதாக நினைப்பார். அந்தப் பயத்தில் தேவனை விட்டு இன்னும் தூரமாய்ப் போவார். தூரமாய்ப் போனவருக்குப் பழைய பழக்கம்தான் ஆறுதலாகத் தெரியும்.

ரோமர் நிருபத்தில் பவுல் எந்த வரிசையில் எழுதுகிறார் என்று பாருங்கள். விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்படுவதைப் பற்றி ஐந்தாம் அதிகாரம் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான், ஆறாம் அதிகாரத்தில் பாவத்தோடு போராடுவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அங்கேயும் முதலில் சொல்வது, நாம் பாவத்திற்கு மரித்தவர்கள், கிறிஸ்து இயேசுவுக்குள் தேவனுக்கென்று பிழைத்திருக்கிறவர்கள் என்று எண்ணிக்கொள்ளச் சொல்வதுதான். "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்ற வாக்குத்தத்தம் அதன் பிறகு வருகிறது. ஆக, நீங்கள் ஏற்கெனவே பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வீட்டுக்குள் நின்றுதான் போராடுகிறீர்கள்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் விழுந்தாலும் பரவாயில்லையே" என்று சிலருக்குத் தோன்றும். அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பவுல் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாம்சமும் (நமக்குள் இருக்கும் பழைய பாவ சுபாவமும்) ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கிறது என்று கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. முன்பு எந்தப் போராட்டமும் இல்லாமல் செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்யும்போது உள்ளே வலிக்கிறது என்றால், அது பரிசுத்த ஆவியானவர் உங்களுக்குள் கிரியை செய்கிறார் என்பதற்கு அடையாளம். வலிப்பதால் பயப்படாதீர்கள். வலி அறவே இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள், அதைப் பெயர் சொல்லி அழையுங்கள்

"ஆண்டவரே, என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று ஜெபிப்பது தவறில்லை. ஆனால் வருஷக்கணக்காக அப்படி மட்டுமே ஜெபித்துக்கொண்டிருந்தால், எந்தப் பாவத்தோடும் நாம் நேருக்கு நேர் நிற்கவில்லை என்று அர்த்தம்.

"எனக்குக் கோபம் அதிகம்" என்பதும் பெயர் சொல்வது ஆகாது. "வேலை முடிந்து வந்த முதல் அரை மணி நேரத்தில், பிள்ளைகள் சத்தம் போட்டால் நான் கத்துகிறேன். மேலதிகாரியிடம் ஒருநாளும் கத்தியதில்லை" என்பது பெயர் சொல்வது. இப்படி எழுதிப் பார்க்கும்போதே ஓர் உண்மை வெளியே வருகிறது. மேலதிகாரியிடம் அடக்க முடிகிற கோபத்தை வீட்டில் அடக்க முடியவில்லை என்றால், வீட்டில் அதை அடக்க வேண்டியதில்லை என்று மனம் எப்போதோ தீர்மானித்துவிட்டிருக்கிறது.

பாவத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் சபை வரலாற்றில் பழமையானது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: போஜனப்பிரியம், வேசித்தனம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் மகா கிரகோரியார் அந்தப் பட்டியலைத் திருத்தி அமைத்தார், அதிலிருந்தே ஏழு தலையான பாவங்கள் என்று இன்று சொல்லப்படுகிற பட்டியல் வந்தது. எவாக்ரியுஸின் பட்டியலில் துக்கமும் சோர்வும் இருப்பதைக் கவனியுங்கள். பல பழக்கங்களுக்குப் பின்னால் அவை இரண்டும் மறைந்திருக்கின்றன என்பதை அந்தத் துறவிகள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஐந்தாறு பழக்கங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடப் பார்த்தால் எதுவும் விடாது. ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், மற்றவர்களை அதிகமாகக் காயப்படுத்துவதை முதலில் எடுங்கள்.

மனச்சாட்சி மிகவும் மென்மையாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனை வருவது வேறு, பாவம் செய்வது வேறு. எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்தவர் நம்முடைய பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் நான்காம் அதிகாரம் சொல்கிறது. ஒரு கெட்ட எண்ணம் மனதில் வந்து போனதற்காக உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள். அதை உட்கார வைத்து உபசரித்தீர்களா என்பதை மட்டும் பாருங்கள்.

விழுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் படியுங்கள்

தாவீது ராஜா இன்னொருவன் மனைவியான பத்சேபாளிடத்தில் விழுந்ததை நாம் பெரும்பாலும் அவன் அவளைப் பார்த்த இடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறோம். வேதம் அதற்கு முன்பே தொடங்குகிறது. ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலம் வந்தது. படைத்தலைவன் யோவாபையும் இஸ்ரவேல் அனைத்தையும் தாவீது அனுப்பினான், ஆனால் "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்." ஒருநாள் சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையின்மேல் உலாத்துகிறான். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, செய்ய வேண்டிய வேலையும் கையில் இல்லை, பக்கத்தில் கேள்வி கேட்க ஆளும் இல்லை. கண் அவள்மேல் விழுவதற்கு முன்பே பாதி விழுகை நடந்து முடிந்திருந்தது.

பேதுருவும் அப்படித்தான். உம்மை மறுதலிக்கவே மாட்டேன் என்று இயேசுவிடம் உறுதியாகச் சொன்னவன் அவன். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் நெருப்பண்டையில் அவனுடைய தைரியம் தோற்றது உண்மைதான். ஆனால் அதற்குமுன் கெத்செமனேயில், "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" என்று இயேசு பேதுருவைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தை அவன் தூங்கிக் கழித்தான்.

சரி, இதை எப்படிச் செய்வது? ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, அந்தப் பழக்கத்தில் விழுந்தாலும் சரி, விழப்போய்த் தப்பித்தாலும் சரி, அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றி நான்கைந்து வரி எழுதுங்கள். என்ன நேரம், எங்கே இருந்தேன், யார் கூட இருந்தார்கள், கையில் என்ன இருந்தது, மனதில் என்ன இருந்தது, சாப்பிட்டிருந்தேனா, தூங்கியிருந்தேனா. பாவத்தின் விவரங்களை எழுத வேண்டாம், அது பழைய காட்சிகளைத்தான் மறுபடியும் எழுப்பும். முன்னால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒரு சாதாரணப் பழக்கத்தை எடுத்துப் பார்ப்போம். போனில் ஒருவர் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கிறார். நீங்கள் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. "வந்துக்கிட்டே இருக்கேன், பத்து நிமிஷம்" என்று வாய் சொல்லிவிடுகிறது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, தானாக வந்தது. இப்போது அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தீர்கள். போகவே விருப்பமில்லாத ஒரு சந்திப்புக்கு, முடியாது என்று சொல்லத் தயங்கி, ஒத்துக்கொண்டிருந்தீர்கள். தாமதமாகிறது என்று தெரிந்தும், அவர் என்ன நினைப்பாரோ என்று நீங்களாகப் போன் பண்ணிச் சொல்லவில்லை. பொய் நாக்கில் வந்தது, ஆனால் அதன் வேர் மனுஷருக்குப் பயப்படும் பயம். அந்தப் பயத்தைப் பற்றி ஒருநாளும் ஜெபிக்காமல், பொய்யைப் பற்றி மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தால், வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிறீர்கள்.

இரவில் ஆபாசப் படம் பார்ப்பவரின் நோட்டில் பெரும்பாலும் இச்சை முதல் வரியில் வருவதில்லை. களைப்பு வரும், அன்றைக்கு யாரோ அவமானப்படுத்தியது வரும், தனிமை வரும். படுக்கையில் போனை எடுத்தது வேறு எதற்காகவோ இருக்கும். இப்படி ஒரு வாரம் எழுதினாலே, "எனக்கு எப்போது சோதனை வரும் என்று தெரியாது" என்று இனிமேல் உங்களால் சொல்ல முடியாது.

சில நேரம் நோட்டு காட்டுகிற பதில் மிகவும் எளிமையானதாக இருக்கும். சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். தூக்கமில்லாத உடம்பு சோதனைக்கு எளிதாக இடம் கொடுக்கும். நேரத்தோடு தூங்கப் போவதும் ஆவிக்குரிய போராட்டத்தில் சேர்ந்ததுதான்.

வழியை அடைத்துவிடுங்கள்

தன் எஜமான் போத்திபாரின் மனைவியிடமிருந்து யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் வருகிற ஒரு வசனத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அவள் நித்தம் நித்தம் பேசிக்கொண்டுவந்தும், அவளோடே சயனிக்க மட்டுமல்ல, "அவளுடனே இருக்கவும்" அவன் சம்மதிக்கவில்லை. கடைசி நாளில் ஓட முடிந்ததற்கு, அதற்கு முந்தின நாட்களில் விலகியே இருந்ததும் ஒரு காரணம்.

துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருங்கள் என்று ரோமர் பதின்மூன்றாம் அதிகாரம் சொல்வது இதைத்தான். நோட்டில் எழுதியதைப் பார்த்து, முந்தின மணி நேரத்தில் ஒன்றையாவது மாற்றுங்கள். போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். எழுப்பிவிட அலாரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பு செயலி போட்டால், அதன் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். புறங்கூறுவதற்கென்றே கூடும் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். நேரில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், "அவர் இல்லாதப்ப அவரைப் பத்திப் பேச வேண்டாமே" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும், அப்புறம் உங்களிடம் அந்தப் பேச்சைக் கொண்டுவருவதே குறைந்துவிடும்.

கோபக்காரர், வீட்டுக்குள் நுழையுமுன் வாசலுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்று, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீத வசனத்தை ஜெபமாகச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். வீட்டாரிடமும் சொல்லிவைக்கலாம்: "வந்த உடனே எதுவும் கேக்காதீங்க, கொஞ்ச நேரம் கொடுங்க." பொய் சொல்கிறவருக்கு உள்ள சிறந்த தடுப்பு, உடனே திருத்துவது. "இல்லை, நான் சொன்னது சரியில்லை. இன்னும் கிளம்பவில்லை, மன்னிக்கணும்" என்று அதே அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நாலைந்து தடவை இப்படி வெட்கப்பட்டால், நாக்கு அடுத்த தடவை பொய்யை எடுக்கத் தயங்கும்.

ஆனால் தடைகளை மட்டுமே நம்பாதீர்கள். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகள் பார்வைக்கு ஞானமாகத் தோன்றினாலும் மாம்சத்தை அடக்க அவற்றுக்குப் பலன் இல்லை என்று கொலோசெயர் நிருபம் எச்சரிக்கிறது. பூட்டுப் போட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

காலியான இடத்தை நிரப்புங்கள்

அசுத்த ஆவி விட்டுப்போன வீடு வெறுமையாயும் பெருக்கி ஜோடிக்கப்பட்டும் இருப்பதைக் கண்டு, அது தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக இயேசு சொன்னார். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே யாரும் குடியிருக்கவில்லை.

எபேசியர் நான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பவுல் எதையும் "விட்டுவிடு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பொய்யைக் களைந்து, மெய்யைப் பேசுங்கள். திருடுகிறவன் இனித் திருடாமல், தன் கைகளால் நலமான வேலை செய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும். கெட்ட வார்த்தை புறப்படாமல், பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை புறப்படட்டும். கசப்பும் கோபமும் நீங்கி, தயவும் மன்னிப்பும் வரட்டும். திருடனைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம். திருட்டை நிறுத்தியவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் இன்னும் மாறி முடிக்கவில்லை. எடுத்துப் பழகிய அதே கை கொடுக்கத் தொடங்க வேண்டும்.

ஆகவே, உங்கள் பழக்கத்துக்கு நேர் எதிரான ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை அதே நேரத்தில் வையுங்கள். புறங்கூறுகிறவர், யாரைப் பற்றிப் பேசினாரோ அவருடைய ஒரு நல்ல குணத்தை நாலு பேர் முன்னால் சொல்லட்டும். பொறாமைப்படுகிறவர், அந்த மனிதரின் பெயரைச் சொல்லி அவர் இன்னும் ஆசீர்வதிக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கட்டும். முதல் சில நாட்கள் உதட்டளவில்தான் இருக்கும், விடாமல் செய்யுங்கள். இரவுச் சோதனை உள்ளவர், தூங்கப் போகுமுன் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, விளக்கை அணைத்துவிடட்டும்.

வசனத்தை மனப்பாடம் செய்வதும் இந்தப் படியில்தான் வருகிறது. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மூன்று தடவையும் வசனத்தால் பதில் சொன்னார். மூன்றும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. முன்பு சொன்ன எவாக்ரியுஸ், தன்னுடைய எட்டு எண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களைத் தொகுத்தே வைத்திருந்தார். நீங்கள் எடுத்த ஒரே பழக்கத்துக்கு இரண்டு வசனம் போதும், சின்னதாக இருக்கட்டும். கோபத்துக்கு "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்பதைவிடப் பொருத்தமான வசனம் கிடைப்பது அரிது.

எத்தனை நாளில் மாறும் என்று கேட்கிறார்கள். 21 நாள் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, 22ஆம் நாள் விழுந்ததும் மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரும் அளவுக்கு ஊறுவதற்குப் கணக்கிட முடிந்தவர்களில் பாதிப் பேருக்கு 66 நாள் வரையும் மற்றவர்களுக்கு அதற்கு மேலும் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் தெரிந்தது. இடையில் ஒருநாள் தவறியது அவர்களைப் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடவும் இல்லை. பரிசுத்தமாகுதல் ஆவியானவரின் வேலை, அதை நாள் கணக்கில் அளக்க முடியாது. ஆனாலும் நம் உடம்பும் மூளையும் மெதுவாகத்தான் பழகும் என்று தெரிந்துகொள்வது பொறுமையைத் தரும்.

சோதனை வந்து நிற்கும் நிமிஷம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இடத்தை விட்டு எழுந்து நகருங்கள். வசனத்தை மனதுக்குள் சொல்லாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். "இயேசுவே, உதவி செய்யும்" என்ற ஜெபம் போதும், நீளமாக ஜெபிக்க வேண்டிய நேரம் அது இல்லை. யாருக்காவது போன் பண்ணுங்கள். சோதனையோடு தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று முதலாம் கொரிந்தியர் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. அது பெரும்பாலும் ஒரு கதவாகவோ, ஒரு போன் நம்பராகவோதான் இருக்கும். இச்சை அலை உயர்ந்துகொண்டே போகும் என்று பயப்படாதீர்கள். உணவு கொடுக்காவிட்டால் அது கொஞ்ச நேரத்தில் தானே தணிய ஆரம்பிக்கும்.

விழுந்தபின் வருகிற ஒரு மணி நேரம்

புதிய விசுவாசிகள் அதிகம் தோற்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். விழுந்ததும் ஒரு குரல் பேச ஆரம்பிக்கிறது. "இன்னிக்கு எப்படியும் கெட்டுப்போச்சு. நாளையிலிருந்து பார்த்துக்கலாம்." அந்த வார்த்தையை நம்பி அதே இரவில் இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் விழுகிறார்கள். மறுநாள் வெட்கத்தில் வேதத்தைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏதோ காரணம் சொல்லி ஆராதனைக்குப் போவதில்லை. ஒரே ஒரு விழுகை இப்படி ஒரு மாதமாக நீண்டுவிடுகிறது.

ஆதாமும் ஏவாளும் பாவம் செய்தபின், தேவனுடைய சத்தத்தைக் கேட்டதும் செய்தது மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டதுதான். நாமும் "இந்த அசுத்தத்தோடு எப்படி ஜெபிப்பது, இரண்டு நாள் போகட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். பார்ப்பதற்கு அது பயபக்தி போலத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளில் உங்களை எது சுத்திகரிக்கப் போகிறது? நாட்களுக்கு அந்த வல்லமை கிடையாது. நம்முடைய பாவங்களை அறிக்கையிட்டால், அவற்றை மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கிச் சுத்திகரிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று யோவான் எழுதுகிறார். காத்திருக்கும் காலம் எதையும் அங்கே அவர் வைக்கவில்லை.

எனவே, விழுந்த அந்த மணி நேரத்துக்குள்ளேயே இவற்றைச் செய்யுங்கள். முழங்காலில் நிற்க முடிந்தால் நில்லுங்கள், இல்லையென்றால் இருக்கிற இடத்திலிருந்தே பேசுங்கள். செய்ததை அதன் பெயரால் சொல்லுங்கள். "சூழ்நிலை அப்படி", "அவள் அப்படிப் பேசினதால்" என்று சேர்க்காதீர்கள். மன்னிப்பைக் கேட்டு, கிடைத்தது என்று விசுவாசித்து, நன்றி சொல்லுங்கள். அப்புறம் எழுந்து, அடுத்து செய்ய வேண்டிய சாதாரண வேலையைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் கழுவுங்கள், தூங்க வேண்டுமென்றால் தூங்குங்கள். மறுநாள் நோட்டை எடுத்து, முந்தின மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பாவத்தால் இன்னொருவர் காயப்பட்டிருந்தால் தேவனிடம் சொன்னதோடு முடியாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். பணம் என்றால் திருப்பிக் கொடுங்கள். கத்தினீர்கள் என்றால், பிள்ளையாக இருந்தாலும் போய், "நான் கத்தினது தப்பு. மன்னிச்சிரு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும்…" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம், கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பிடுங்கிவிடும்.

பேதுருவும் மனம் கசந்து அழுதான், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான். ஒருவன் கர்த்தரிடத்தில் திரும்பி வந்தான், மற்றவன் தனியாய்ப் போனான். பேதுரு விழுவதற்கு முன்பே இயேசு அவனிடம் என்ன சொன்னார் என்று லூக்கா எழுதியிருக்கிறார்: "நான் உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." அவன் விழுவான் என்று தெரிந்தேதான், எழுந்த பிறகு செய்ய வேண்டிய ஊழியத்தையும் முன்கூட்டியே கொடுத்தார்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள்

மறைவில் வளர்ந்த பழக்கம் மறைவிலேயே சாவது அபூர்வம். நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு எழுதுகிறார். கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் என்ற அருட்சாதனம் இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்கத்தில் ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு ஒழுங்குகள் எழுதி வைத்தார். வாரம் ஒரு தடவை கூடுவார்கள். போன கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படி விடுதலை கிடைத்தது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். தோல்வியை மட்டும் விசாரிக்காமல், தேவன் தப்புவித்ததையும் சொல்ல இடம் கொடுத்தார்கள்.

யாரிடம் சொல்வது? உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவர், விசுவாசத்தில் உங்களைவிட முதிர்ந்தவர், கேட்டதை வெளியே சொல்லாதவர். மற்றவர்களின் ரகசியங்களை உங்களிடம் சொல்கிறவர், உங்களுடையதையும் சொல்வார், அவர் வேண்டாம். சாட்சி நேரத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கு. வாரா வாரம் நீங்க என்கிட்ட கேக்கணும், நானா சொல்லாட்டியும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். கணவனோ மனைவியோ சம்பந்தப்பட்ட துரோகம் என்றால், போதகரோடு பேசி, எப்படிச் சொல்வது என்று யோசித்துச் செய்யுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் அடி, பிள்ளைகளிடம் அத்துமீறல் போன்றவை ஜெபத்தோடும் ரகசிய அறிக்கையோடும் முடிகிற காரியங்கள் இல்லை. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புதான் முதலில், சட்டமும் அதற்காகத்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் போய் "மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் அவருக்கு இன்னொரு அநியாயத்தைச் செய்கிறார்கள்.

மருத்துவர் தேவைப்படும் இடம்

பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். விசுவாசத்தோடு நிறுத்துங்கள், ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள். குடிநோயிலிருந்து மீள 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் பல நாடுகளில் கூடுகின்றன, அங்கே போவதில் வெட்கம் எதுவும் இல்லை. தீராத மனச்சோர்வு, மன்னிப்பு கிடைத்ததா என்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்ய வைக்கும் பதற்றம் போன்றவற்றுக்கும் மனநல மருத்துவரைப் பாருங்கள். பவுலோடு கூடவே இருந்த லூக்கா பிரியமான வைத்தியன்தான்.

தினமும் பத்து நிமிஷம்

பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யும் ஆத்துமசோதனை முறையைக் கற்றுக்கொடுத்தார். காலையில் எழுந்ததும் அந்த ஒன்றைக் குறித்துத் தீர்மானம் எடுப்பது. மதிய உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும் மணி மணியாக அந்த நேரத்தைத் திரும்பிப் பார்ப்பது. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைப்பது. நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுவது. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இதைச் செய்யலாம். தினமும் மூன்று வேளை முடியாவிட்டால் இரவில் பத்து நிமிஷம் போதும்.

புள்ளிகள் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விழுந்து எழும்ப முன்பு மூன்று வாரம் ஆனது, இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் அதுவும் வளர்ச்சிதான். சோதனையை முன்கூட்டியே அடையாளம் கண்டீர்களா, அதையும் குறித்துவையுங்கள்.

முதல் பழக்கம் தளர்ந்துவிட்டது என்று தோன்றும்போது, அடுத்ததை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்களிடம் வாராவாரம் கேட்கிறவரிடமும், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடமும் போய், "என்கிட்ட மாற வேண்டியது எது?" என்று கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல், வாதாடாமல், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.